டுவேனின் சட்டை

எர்மெலிந்தா அளவுநாடா எடுப்பதில்லை.
என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்,
பொதிமூட்டைக்குள் தோள்வரை கையை விட்டாள்,
வெளியே வந்தது வேறொருவன் குளிர்காலம்:
நீலம், தடிமன்,
இடது மார்பில் சிவப்பு நூலில் டுவேன்,
முதுகில் ஓர் எரிவாயுக் கம்பெனி, அதன் கீழே மினசோட்டா.
வீடுவீடாய் உருளை இறக்கியவனாக இருக்கலாம்.
எடைக்கு வாங்கிய பழந்துணியோடு
அவன் தோள்கள் மட்டும் ஷேலா நகரம் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஓரிரவுக்கு இருபது கெட்சால்.
கையுறை சேர்த்தால் இருபத்தைந்து.
"ஜோடி இல்லையே" என்றேன்.
"உன் கை இரண்டும் ஒரே மாதிரியா?" என்றாள்.

கடைசியில், சில்லறையை எண்ணிக்கொண்டே:
"வலப்பையைக் காலி செய்யாதே.
எதையாவது எடுத்தால் எதையாவது போடு.
இந்தக் கடையில் அது ஒன்றுதான் சட்டம்."

வழிகாட்டி ஃபிதென்சியோ ஷிகாரா
என் முதுகுப்பையை மேசைமேல் கவிழ்த்தான்.
மூன்று புத்தகங்கள். இரண்டைத் தள்ளிவைத்தான்.
சற்று யோசித்து மூன்றாவதையும்.
குடையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது.
பதிலுக்கு அவன் அடுக்கியது
மூன்று லிட்டர் தண்ணீர், அவித்த முட்டை நான்கு,
செய்தித்தாளில் மடித்த உப்பு,
ஒரு பனேலாக் கட்டி.
வெல்லம், என்றேன்.
வெல்லம், என்று சொல்லிப் பார்த்தான்
நாக்கை எங்கே வைப்பதென்று தேடியபடி.

பிறகு குனிந்து என் காலணிக் கயிற்றை அவிழ்த்து
மறுபடி கட்டினான்.
இது ஏறுவதற்கான முடிச்சாம். இறங்க வேறொன்றாம்.
"அதையும் இப்போதே காட்டு."
"மேலே போய்க் காட்டுகிறேன்.
இப்போது காட்டினால்
பாதி மலையிலேயே போட்டுக்கொள்வாய்."

எட்டு மணிக்கே படுத்தேன்.
தூக்கம் கட்டளைக்கு வருகிற சாதி இல்லை.
தெருவில் யாருக்கோ பிறந்தநாள், சரவெடி.
அது ஓய்ந்த பிறகு, தெற்கே எங்கோ
தடித்த மனிதர் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்.
சாந்தா மரியாவின் விலாவில் முளைத்த சின்ன எரிமலை.
பெரியது நூறு வருடமாகப் பேசவில்லை,
சின்னதுக்கு வாய் ஓயவில்லை.
நாங்கள் ஏறப்போவது பேசாததன் மேல்.
என் முழங்கால்களுக்கு இதை விளக்கிச் சொன்னேன்.

பதினொன்று பத்துக்கு எழுந்து
சட்டையை மாட்டி நெற்றிவிளக்கைப் போட்டால்
மண்ணெண்ணெய் தீர்ந்த திரிபோல் ஒரு மஞ்சள்.
கடைகள் எப்போதோ மூடியாயிற்று.

அப்போதுதான் வலப்பை.
உறையோடு ஒட்டிப்போன எலுமிச்சை மிட்டாய்.
ஒரு காயப் பட்டி.
எந்த மொழியென்றே தெரியாத எழுத்தில் துண்டுச்சீட்டு,
நடுவில் மேல்நோக்கி ஓர் அம்பு,
பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி
(எச்சரிக்கையா, மகிழ்ச்சியா, தெரியவில்லை).
அடியில், ரப்பர் வளையம் சுற்றி,
மெல்லிய பேட்டரி மூன்று.

சுவர் வெளுத்தது. கண்ணாடியில் என் முகம்
திடுக்கிட்டுக் கண்ணை மூடியது.

இனி நான் எதையாவது போடவேண்டும்.
காசு போடலாம், ஆனால் காசு உச்சியில் எதற்கு?
மாத்திரை எனக்கே வேண்டும்.
அறையெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் பார்த்தால்
வளையலில், எப்போதும்போல், ஓர் ஊக்கு.
எத்தனை விமான நிலையச் சோதனைகளைத் தாண்டி வந்தது.
வார் அறுந்த பைக்கு ஆகும்,
பல் கழன்ற ஜிப்புக்கு ஆகும்,
காலில் தைத்த முள்ளுக்கு ஆகும்.
அதற்கு மேலும் ஒன்று உண்டு:
என் மொழியில் அது பொருள் மட்டுமல்ல, ஏவலும்கூட.
எடுக்கப்போகிறவருக்கு அது தெரியப்போவதில்லை.
போட்டேன்.

வாசலில் டிரக் உறுமிக்கொண்டு நின்றது.
பின்தட்டில் ஃபிதென்சியோ,
குல்லாய்க்கு மேல் குல்லாய்.
"மலை எங்கே?" என்றேன்.
தெற்கே மோவாயைத் தூக்கினான்.
வானமெல்லாம் நட்சத்திரம்,
ஓரிடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை,
கூர்மையான, மிகப் பெரிய முக்கோணம்.
அங்கே போய் நிற்கத்தான் இத்தனை முடிச்சும்.

"முட்டை எடுத்தாயா?" என்றான்.
திரும்பி ஓடினேன்.