வ என்பதன் விரிவு

பெயருக்கு முன்னால் ஓரெழுத்து வேண்டும் என்றார்
தலைமை ஆசிரியர்.
பேனா மூடியை ஏற்கெனவே கழற்றியிருந்தார்.
நாற்றங்காலிலிருந்து நேராக வந்திருந்த அம்மாவுக்கு
முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.
சன்னல் வழியே பார்த்தாள்.
மேட்டூர் திறந்து ஒன்பதாம் நாள்;
வடவாறு கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது.
"வ போட்டுக்குங்க" என்றாள்.

அந்த வாரம்
வைத்திலிங்கம் வீட்டில் உலை ஏறவில்லை.
வரதராசுவின் மச்சினன்மார் மூன்று பேர்
ஒரத்தநாட்டிலிருந்து டெம்போவில் வந்து இறங்கினார்கள்.
வடிவேல் பத்தர் பாவம், அறுபத்தெட்டு வயசு,
மாரியம்மன் சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்.
டீக்கடையில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி
பெஞ்சு அதிரச் சிரித்தவர் பெயர்
வ-வில் தொடங்காது.

வருகைப் பதிவு வாசிக்கும்போது
வ-வுக்கும் செண்பகவல்லிக்கும் நடுவே
கொஞ்சம் நிறுத்துவார் சார்.
கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைத் தூக்கப் போனால்
யாராவது வாங்கி வேறு பிள்ளையிடம் கொடுப்பார்கள்.
கோபமாகக்கூட இல்லை,
இலையில் ஏறிய எறும்பைத் தள்ளுவதுபோல.

பெண் பார்க்க வந்தவர்கள் மிக்சர் தின்றபடி
"வ-ன்னா?" என்றார்கள்.
"ஆறு" என்றாள் அம்மா.
"ஆறு பேரா?" என்றான் கூட வந்த ஒருத்தன்.
தட்டை எடுத்துக்கொண்டாள்.
பாதி மிக்சர் இருந்தது.

ஒரே ஒரு தடவை நானும் கேட்டேன்.
சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.
"கஞ்சி கொட்டிடும், தள்ளி நில்லு."

இடது புருவம் எனக்கு நடுவில் அறுந்திருக்கும்.
அவருக்கும்.
வளர வளரத் தெரிந்தது.
ஊரே பார்த்தது; வாயைத் திறக்கவில்லை.

போன ஐப்பசியில் அவர் இறந்தார்.
அன்றும் களை பறிக்கப் போனாள் அம்மா.
வெள்ளிதோறும் தலைக்கு ஊற்றிக்கொள்பவள்
அன்று சாயங்காலம் ஊற்றிக்கொண்டாள்.
புதன்கிழமை.

மன்னார்குடி தாலுகா ஆபீசுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
காரியம் முடிந்த மறுவாரம்
அவர் மகன்கள் இரண்டு பேரும் வந்தார்கள்,
மொட்டைத் தலையில் முள்முள்ளாய் முடி.
முத்திரைத்தாளில் அடித்தே கொண்டுவந்திருந்தார்கள்:
"காலஞ்சென்ற சாம்பசிவம் அவர்களுக்கும்
வ. செண்பகவல்லி ஆகிய எனக்கும்
எவ்வித உறவும் இல்லை.
சொத்தில் பாத்தியதை கோரமாட்டேன்."
வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது
பின்னாடி தொல்லை வரக்கூடாதாம்.
"தப்பா நினைக்காத" என்ற பெரியவன்
அடுத்து வந்த சொல்லை
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

ஊரில் இத்தனை பெண்கள் இருக்க
உறவில்லை என்று எழுதி வாங்க
வேறு யாரிடமும் அவர்கள் போகவில்லை.

மூன்று தடவை வாசித்தேன்.
அவர் பெயர். அடுத்த வரியில் என் பெயர்.
இப்படி ஒரு காகிதம் இதுவரை இருந்ததில்லை.
கையெழுத்துப் போட்டேன்,
வ-வைக் கொஞ்சம் பெரிதாக.
"ஒரு நிமிஷம்" என்று
இயந்திரத்தின் மூடியைத் திறந்து குப்புறப் போட்டேன்.
பச்சை வெளிச்சம்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது.
சூடாக வந்தது நகல்.

அசலை நீட்டினேன்.
சின்னவன் பழக்கத்தில் சட்டைப்பையைத் தொட்டான்.
"இருக்கட்டும்" என்றேன்,
"இது என் கணக்கு."