தொடரும்

ஆயிரத்து நூற்று நாற்பதாவது எபிசோட்.
செந்தூலில் வாடகைக்கு எடுத்த வீடு.
நாலு மணிக்கு வழக்கம்போல் மழை,
தகரக் கூரை வசனத்தைத் தின்றது.
"டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றேன்.
முப்பது வருஷமாய் அதைத்தான் சொல்கிறேன்.

இதே மாடிப்படியில்
ஏழு மருமகள்கள் இறங்கிவிட்டார்கள்.
எட்டாவதுக்குத் திரைச்சீலை மட்டும் மாற்றினோம்.

போன வாரம் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில்
ரத்தம் எடுத்த நர்ஸ்
ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"சார், அந்த அமிர்தவல்லி
கடுதாசியைப் பிரிச்சாளா இல்லியா?
அன்னிக்கு எனக்கு நைட் டூட்டி."

எந்த அமிர்தவல்லி?
மெல்லத்தான் வந்தது:
குளோசப்பில் உறை, நடுங்கும் விரல்,
'தொடரும்.'
மறுநாள் எனக்கு ரவாங்கில் வேறு தொடர்.
மிச்சத்தை யாரோ எடுத்தார்கள்,
நான் பார்க்கவில்லை.

உறைக்குள் இருந்தது என் வீட்டுத் தண்ணி பில்.
அவசரத்துக்கு
சட்டைப்பையில் அதுதான் அகப்பட்டது.

"பிரிச்சா. அழுதா.
அப்புறம் எல்லாம் சரியாப் போச்சும்மா."
பஞ்சை அழுத்தினாள்.
"நான் அப்பவே நெனச்சேன் சார்."

அந்த மாதம் வீட்டில்
தண்ணீரை வெட்டினார்களா என்று
பூமாவிடம் கேட்க வேண்டும்.