ஆறு மில்

மதிப்பில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும்
ஒரு டாலர் வரி என்றால்
அதற்கு இங்கே ஒரு மில் என்று பெயர்.
காகித மில் மூடிப் பத்தொன்பது வருஷமாகிறது.
அந்த மில் போனதால்தான்
இந்த ஆறு மில்லைக் கேட்கிறோம்
என்று கூட்டத்தில் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.

நான் கெர்னி லேண்டிங் பள்ளி மாவட்டத்தின் கணக்காளர்.
அப்பலாச்சிய மலையடிவாரம்,
ஜன்னலைத் திறந்தால் நதி,
நதிக்கு மேற்கே அனல்மின் நிலையம்.
அதன் புகை பாலத்தைக் கடந்து
எங்கள் பிள்ளைகள் ஓடும் திடலுக்கு வந்துவிடுகிறது.
வரி வருவதில்லை.
வரி அந்தக் கரையிலேயே இறங்கிவிடுகிறது
நீச்சல்குளமாக,
இரண்டாவது நீச்சல்குளமாக.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது
கண்ணின் பிழை என்பார்கள்.
இங்கே அது தணிக்கையாளர் கையெழுத்திட்ட உண்மை:
அங்கே ஒரு பிள்ளைக்குப் பத்தொன்பதாயிரம்,
இங்கே பதினோராயிரம்.
மாநிலத்திடம் ஒரு சூத்திரம் இருக்கிறது, ஏழு பக்கம்.
இல்லாத மாவட்டத்துக்கு ஈடு செய்வோம்
என்கிறது முதல் பக்கம்.
ஏழாம் பக்கத்தில்
ஓர் உச்சவரம்பு.

செவ்வாய் இரவு வாக்கு எண்ணினார்கள்,
மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்,
ஆறிப்போன காபிக்கு நடுவே.
வேண்டாம் 842.
வேண்டும் 831.
விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்றார்
நிர்வாகக் குழுத் தலைவர்.
விரலை யார் நசுக்கியது என்று கேட்க
எனக்குச் சம்பளம் இல்லை.

ஆர்வல் டக்கெட் மறைக்கவில்லை.
மறுநாள் பெட்ரோல் பங்கில் அவராகவே வந்து
"வேண்டாம்னுதான் போட்டேன், லோர்னா" என்றார்.
மில்லில் முப்பத்தொரு வருஷம்.
ஓய்வூதியம் பாதியாகிவிட்டது, வீட்டு மதிப்பு ஏறிவிட்டது.
"வித்தாத்தானே அது பணம்.
நான் அதுக்குள்ள தூங்கிட்டிருக்கேன்."
வண்டியைக் கிளப்பும்போது கேட்டார்:
"நினைவு நாள் ஊர்வலத்துல
பசங்க பேண்டு வாசிப்பாங்கல்ல?"

அன்று மதியம் கழித்தேன்.
பேண்டு, 41,200.
நூலகர், அரை நாள்.
பிரெஞ்சைத் தேடினேன்; அது போன வருஷமே போய்விட்டது.
ஆறாம் எண் பேருந்து.
கோல்ட்வாட்டர் சாலைப் பிள்ளைகள் இனி
ஒன்றேகால் மைல் நடப்பார்கள், லாரிகளின் ஓரமாக.
கொதிகலனைத் தொடவில்லை.
இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும் என்கிறார் ஸ்லுசார்.
மூன்று குளிர்காலமாக அதையே சொல்கிறார்.

வெள்ளியன்று தியாண்ட்ரா ஹூபர்
டூபாவை ஒப்படைக்க வந்தாள்.
அவளைவிடக் கொஞ்சம்தான் சின்னது.
துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.
உள்ளே கைவிட்டு
ஒற்றைக் கையுறையை எடுத்துக்கொண்டாள்.
"எங்க கையெழுத்துப் போடணும்?"
காட்டினேன்.
மிக நிதானமாக,
முழுப் பெயரையும் எழுதினாள்.

ஒன்று சொல்ல வேண்டும்.
எங்கள் ஊழியர்களில் இருபத்தாறு பேர்
அக்கரையில் குடியிருக்கிறோம்.
விகுதியைக் கவனித்திருப்பீர்கள்.
என் மகன் ரீட் அங்கேதான் படிக்கிறான்.
வாடகை மாதம் நானூறு டாலர் கூடுதல்.
எதற்கான நானூறு என்று
வீட்டுக் கணக்கில் நான் பிரித்து எழுதியதில்லை.
எங்கள் யாருக்கும்
இக்கரையில் வாக்கு இல்லை.

அலுவலகத்தில் எல்லாரும் போனபின்
இருபத்தாறிலிருந்து பதினொன்றைக் கழித்துப் பார்த்தேன்.
பதினைந்து.
இந்த வருஷம் என் மேசையில்
மிச்சம் என்று வந்த ஒரே தொகை.
அதை எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது.

ஆறரைக்கு ரீடுக்கு நீச்சல் முடியும்.
பாலத்தில் புகை எதிரே வந்தது.
கார்க் கண்ணாடியை
ஏற்றிக்கொண்டேன்.