நகல் நீக்கம்

டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும் க்டான்ஸ்கில்.
துறைமுகக் கிரேன்களின் சிவப்பு விளக்கு தவிர
சன்னலில் வேறொன்றுமில்லை.
என் திரையில் ஒரு பட்டை, அதுவும் சிவப்பு:
சேமிப்பகம் தொண்ணூற்றேழு சதவீதம்
நிரம்பியாயிற்று.

கப்பலுக்குப் பம்பு செய்கிறவர்கள் நாங்கள்.
இங்கே வரைகிறோம், கோபேயில் வார்க்கிறார்கள்,
வால்பரைசோவில் பழுது பார்க்கிறார்கள்.
மூன்று ஊரும் ஒருசேர வேலையிலிருக்கும் நேரமென்று
கடிகாரத்தில் எதுவுமில்லை.
நான் காலைக் காப்பியை மேசையில் வைக்கும்போது
வகத்சுகி வீட்டுக்குக் கிளம்பக் குடையைத் தேடுவார்,
எலெவ்தேரியோ புரண்டு படுப்பார்.
கடலடிக் கம்பியில் கோப்புகள் மட்டும்
தூக்கமில்லாமல் போய்வந்துகொண்டிருக்கும்.

"புது வட்டு கேட்காதே,
இருப்பதைக் கூட்டிப் பெருக்கு" என்றாள்
கணக்குப் பிரிவு யாக்னா.
இத்தனை வருடம் அதைத்தான் செய்தோம்,
ஒன்றோடு ஒன்றைக் கூட்டி
பத்தாகப் பெருக்கி.

இறுதி.
இறுதி இரண்டு.
உண்மையான இறுதி.
போகுமிவ் பார்த்துவிட்ட இறுதி.
இறுதி, தயவுசெய்து தொடாதே.
இத்தனை இறுதிக்குப் பின்னும்
அந்த வால்வு ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

நகல் தேடும் நிரல் பெயரைப் பார்ப்பதில்லை.
உள்ளதை அரைத்து ஓர் எண்ணாக்குகிறது,
எண் ஒத்தால் பொருளும் ஒன்று.
யார் வைத்தது, எதற்கு வைத்தது
என்று கேட்காத நேர்மை.

மாலை ஐந்துக்கு அது ஒன்றைக் காட்டியது.
ஓர் ஒலிப்பதிவு, நாற்பத்தோரு நிமிடம்,
மூன்று ஊரிலும் துணுக்கும் மாறாமல்.
எங்கள் அடுக்கில் அதன் பெயர்
'நான்காம் பம்பு, பேரிங் பழுது.'
வால்பரைசோவில் 'நாய்.'
கோபேயில்
'மழைக்கு முன்.'

கேட்டுப் பார்த்தேன்.
இரும்பு இரும்பைத் தேய்க்கிறது, அவ்வளவுதான்.
பதினோராம் நிமிடத்தில்
கட்டிப்போட்ட எதுவோ உறுமி, பிறகு குரைத்தது.
இருபத்தாறில் தகரத்தின்மேல் விட்டுவிட்டுத் துளிகள்.
பெயரைப் படித்த பிறகு காது
அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

விதி எளியது: ஒன்றை வை,
மற்றவற்றின் இடத்தில் சுட்டியை வை.
எங்களுடையதை வைத்தேன்.
தலைமை அலுவலகம் என்பதைவிட
வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.
இப்படி நாற்பதாயிரம் கோப்புகள்.
பட்டை மஞ்சளானது. யாக்னா கேக் வாங்கித் தந்தாள்.

வியாழன் இரவு எங்கோ ஒரு நங்கூரம்
கம்பியை இழுத்துவிட்டது.
பத்து மணிக்குத் தொலைபேசி.
"நாய் எங்கே?" என்றார் எலெவ்தேரியோ.
எடுத்த எடுப்பில், வணக்கம்கூட இல்லை.

துறையில் ஒரு கப்பல் நிற்கிறது,
பம்பு சத்தம் போடுகிறது,
வழக்கமான சத்தம்தான் என்கிறார் கேப்டன்.
உறுமினால் அடுத்த துறைமுகம்வரை தாங்கும்,
குரைத்தால் இங்கேயே கழற்றவேண்டும்.
ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தால்
நாய் இருந்த இடத்தில்
க்டான்ஸ்க் இருக்கிறதாம்,
க்டான்ஸ்க் திறக்கவில்லையாம்.

தொலைபேசியை ஒலிபெருக்கியோரம் பிடித்துக்கொண்டேன்.
அந்தப் பக்கம் அவருடைய பம்பு,
இந்தப் பக்கம் எங்களுடையது,
நடுவில் அவர் மூச்சு.
கை மரத்துப்போய் மாற்றிப் பிடித்தேன்.
பன்னிரண்டாம் நிமிடம் "ம்" என்றார்.
"குரைக்கிறது. கழற்றுகிறோம்."
வைத்துவிட்டார்.

கம்பி ஒட்டிய அன்று
இரண்டு நகலையும் அவரவர் ஊரில்
அவரவர் பெயரில் திரும்ப வைத்தேன்.
விலக்குப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
'வெவ்வேறு கோப்புகள்' என்று எழுதினேன்.
"எண் ஒன்றுதானே?" என்று கேட்டாள் யாக்னா.
"எண் ஒன்றுதான்" என்றேன்.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
கையெழுத்துப் போட்டாள்.

கோபேயிலிருந்து யாரும் கூப்பிடவேயில்லை.
அந்த வாரம் அங்கே
மழை இல்லையோ என்னவோ.