தாழ்ப்பாள்

புதுப்பேட்டையில் ஏழு கடை ஏறி இறங்கினேன்.
அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபியட்டா என்று
ஏழாவது கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஸ்பிரிங் கழட்டுற அந்த டூலு
இப்ப எவன்கிட்டயும் கிடையாதும்மா.
வரவழைச்சா ஆயிரத்து எண்ணூறு, பதினைஞ்சு நாள்."
பதினைந்து நாள் வண்டி ஜாக்கி மேல் நிற்க
எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலர் விடமாட்டார்.

பின்சக்கரத்து டிரம்மை
மண்ணெண்ணெய் ஊற்றி, மரச்சுத்தியால் தட்டி,
கெஞ்சி, வைது,
இரண்டு நாளில் கழற்றியிருந்தேன்.
உள்ளே சிலிண்டர் கசிந்து
ஷூ இரண்டும் எண்ணெய்க் கத்திரிக்காயாய் ஊறிக்கிடந்தன.
திருப்புளியால் நெம்பியதில்
முதல் ஸ்பிரிங் எகிறி
பர்வீன் காயவைத்திருந்த மிளகாயில் விழுந்தது.
என் கட்டைவிரல் தோலும் கொஞ்சம் அதனோடு போயிற்று.
அதே கையால்தான் மிளகாயைக் கிளறித் தேடினேன்.

அந்த எரிச்சலில்தான் ஞாபகம் வந்தது
லாஃப்டில் கிடந்த தாழ்ப்பாள்.
சுண்டுவிரல் கனத்தில் இரும்புக் கம்பி,
நுனியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஒரு வளைவு.
பட்டறையில் போட்ட வளைவில்லை.
பிப்ரவரியில் ஒரு காலை
குளியலறைக்குள் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்க
பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் வராமல்
நானும் வாட்ச்மேன் தங்கபாண்டியும்
கடப்பாரை போட்ட அன்று விழுந்தது.
பிறகு அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை.
உள்ளே இருந்தால்
சகாயம் இருமிக்கொண்டே இருப்பார்.

வளைவை நிமிர்த்தவில்லை.
அச்சைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிடிக்க
அந்தக் கோணம்தான் வேண்டியிருந்தது.
நுனியை மட்டும் அரத்தால் ராவினேன்,
நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம்.
பழைய குமிழ் கைப்பிடி ஆயிற்று.
புது லைனிங் ஒட்டிய ஷூவைப் பொருத்தி
ஸ்பிரிங்கின் காதைப் பள்ளத்தில் மாட்டி
முட்டுக் கொடுத்து
மூச்சை அடக்கி இழுத்தேன்.
டக்.
மிளகாய்க்கு இந்த முறை ஒன்றும் ஆகவில்லை.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும்.
தங்கபாண்டி டீ குடிக்கப் போயிருந்தான்.
சகாயம் வந்தார்,
ஒரு கால் நடந்து, ஒரு கால் தரையைத் தேய்த்து.
சீட்டில் உட்காரவைத்து
இடது காலை நான் தூக்கி உள்ளே வைத்தேன்.
நல்லவேளை, பிரேக் வலது காலுக்கு.

"அழுத்துங்க."
"ம். அழுத்தியாச்சு."
"பிடிங்க."
"பிடிச்சிருக்கேன்."
"விடுங்க."
வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தேன்.
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்
கொழகொழவென்று குமிழ்கள்,
பிறகு கடுகளவு,
பிறகு எதுவும் இல்லை.
பிப்ரவரிக்குப் பின்
இவ்வளவு நேரம் தொடர்ந்து நாங்கள் பேசியதில்லை.
போதும் என்று தெரிந்த பிறகும்
இன்னும் நாலு முறை அழுத்தச் சொன்னேன்.

சாயங்காலம்
பேப்பர் மில்ஸ் சாலையில் குறுக்கே வந்தது தண்ணீர் லாரி.
மிதித்தேன்.
நின்றது.
"லெஃப்ட்ல இழுக்குது" என்றார் சகாயம்.
ஒரு நொடி
இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தோம்.
அவர்தான் முதலில் சிரித்தார்.
பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ
ஹாரனை அமுக்கியபடியே இருந்தது.