மொய் நோட்டு

செக்கானூரணி தாண்டி, பாலத்துக்கு இடப்பக்கம்
ஒச்சம்மாள் பண்ணை. நாற்பத்தோரு வெண்பன்றி.
மாட்டுத்தாவணி ஓட்டல்களின் மிச்சம்
நீலப் பீப்பாயில் வந்து இறங்கும்:
புரோட்டாத் துண்டு, சால்னா, ஊசிப்போன சோறு,
ஒருநாள் யாரோ கழற்றி வைத்து மறந்த பல்செட்டு.

வாயைப் பிளந்து பிடிக்க இரண்டு ஆள்.
பஞ்சுக் குச்சியைத் தொண்டைச் சதையில்
மூன்று சுற்று சுற்றி எடுப்பேன்.
பன்றி கத்துகிற கத்தில்
என் பெயரே எனக்கு மறந்துபோகும்.
"அது நல்லாத்தான இருக்கு,
அதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்பாள்.

நல்லாத்தான் இருந்தது
பதினோராம் நம்பர் தாய்ப்பன்றி.
போன ஈத்தில் பன்னிரண்டு குட்டி,
காய்ச்சல் இல்லை, நொண்டல் இல்லை.
அதன் தொண்டை மடிப்பில்
வாடகை தராமல் குடியிருந்தது
சங்கிலி சங்கிலியாய் ஒரு கிருமி.

லேபில், ரத்தம் கலந்த தட்டில்
ஒரே ராத்திரியில் முளைத்தது.
குண்டூசித் தலை அளவு,
சுற்றிலும் பாசி பிடித்தாற்போல் ஒரு பச்சை.
உடைத்து, உள்ளிருந்த நூலை மெஷினுக்குக் கொடுத்தால்
இருபது லட்சம் எழுத்து.
நான்கே எழுத்தை வைத்துக்கொண்டு இருபது லட்சம்.
புள்ளி கிடையாது, பத்தி கிடையாது.
மதுரையில் போஸ்டர் எழுதுகிறவன்கூட
நடுவில் ஒரு மூச்சு விடுவான்.

அதில் ஓர் இடம் மட்டும்
மற்ற இடங்களின் ஜாடையில் இல்லை.
பெற்றது கொடுத்தது அல்ல.
பக்கத்தில் கிடந்த வேறொரு சாதிக் கிருமி
பாலம் போட்டுக் கையில் திணித்தது.
எங்கள் பக்கம் இதற்கு ஒரு சொல் உண்டு:
மொய்.

உசிலம்பட்டி ரோட்டில் காதுகுத்து, வசந்த விழா என்று
பிளெக்ஸ் கட்டி, கறிச்சோறு போட்டு
மைக்கில் பேர் வாசிப்பார்களே, அதேதான்.
இன்னாரிடமிருந்து இன்னாருக்கு
டெட்ராசைக்ளினைத் தாங்கும் மரபணு ஒன்று,
எரித்ரோமைசினைத் தாங்கும் மரபணு ஒன்று.
பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை,
ஒரே வாய்க்குள் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்தது போதும்.
ஒன்றுதான் வித்தியாசம்.
கொடுத்தவன் மடியில் கொடுத்தது குறையவில்லை.

பந்தி வைத்தது யார் என்றால்
தீவன மூட்டைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பொடி.
"குட்டி சாகாம இருக்க. மருந்துக்கடையில குடுத்தாக.
வாளிக்கு ஒரு கரண்டி" என்றாள்.
கரண்டியைப் பார்த்தேன்.
சாம்பார்க் கரண்டி.

ஆகஸ்ட்டில் கருமாத்தூர் சவரிமுத்து.
ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களுக்குக்
கறி வெட்டிக் கொடுப்பவர்.
இடதுகைச் சுட்டுவிரலில் சின்னக் கீறல்,
மூன்றாம் நாள் காய்ச்சல், கழுத்து விறைத்தது,
பெரியாஸ்பத்திரியில் தண்டுவட நீர் எடுத்தார்கள்.
அதிலும் சங்கிலி.
பென்சிலினைத் தாங்க மட்டும்
யாரும் மொய் எழுதியிருக்கவில்லை, பிழைத்தார்.
காது இரண்டும் போயிற்று.

இரண்டையும் அருகருகே போட்டு ஓட்டினேன்,
பதினோராம் நம்பரையும் சவரிமுத்தையும்.
இருபது லட்சத்தில்
மூன்று எழுத்து மாறியிருந்தது.
ரேஷன் கார்டில் என் பெயருக்கு இதைவிட அதிகம்.

அவர் வீட்டில் இப்போது எல்லாம் நோட்டில்தான்.
நாற்பது பக்க ரூல்டு நோட்டு.
முன்பக்கத்தில் அவர் மனைவி கையெழுத்து:
சோறு போடவா. ரெண்டு கிலோ கேக்குறாங்க.
கரண்டு பில் கட்டியாச்சு.
அதற்குக் கீழே நான்:
கிருமி ஒச்சம்மாள் பண்ணையில் இருந்து வந்திருக்கிறது.

படித்தார். பேனாவை வாங்கினார்.
அவ்வளவு பெரிய கைக்கு
எழுத்து கடுகாய் வந்தது:
எந்தப் பன்னி

11.

ரொம்ப நேரம் ஒன்றும் எழுதவில்லை.
வாசலில் தேனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன்.
பிறகு எழுதினார்:
அது சினையா இருக்குமே. அதுக்கு ஒண்ணும் இல்லல்ல

இல்லை என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி இல்லை என்றே எழுதினேன்.

பண்ணைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில்
பையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்.
பிறக்கப்போகும் குட்டி எத்தனை என்று தெரியாது.
குச்சி ஒன்பதுதான் இருந்தது.