நாற்பத்தாறு

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பாடவேளை,
விஞ்ஞானக்காரர் கடன் கேட்காத கிழமைகளில்
என்னுடையது.
பழைய ஆய்வுகூடம்தான் சித்திர அறை.
மேசையில் அமிலம் தின்ற வட்டங்கள்,
அவற்றின்மேல் ஐஸ்கிறீம் வாளிகளில் தண்ணீர்.
மணி அடிக்குமுன்னரே சாம்பலாகிவிடும்.

பெட்டியில் முதலில் முடிவது வெள்ளை.
கடைசிவரை குண்டாக இருப்பது கறுப்பு.
நிழலுக்குக் கறுப்பைத் தொடாதேங்கோ என்று
மூன்று தவணையாகச் சொல்லிவருகிறேன்.
முருங்கையின்ர நிழலைப் போய்ப் பாருங்கோ,
அதுக்குள்ள நீலம் கிடக்கும்.
முப்பத்தொரு தலை ஆடும்.
முப்பத்தொரு தூரிகை கறுப்பைத் தொடும்.

"நான் விரும்பும் இடம்" என்று தலைப்புக் கொடுத்தேன்.
இருபத்தேழு பேர்
இரண்டு மலை, நடுவில் சூரியன்,
கீழே ஆறு, ஆற்றில் வாத்து.

பனைக்கு மேல் எதுவும் எழும்பாத
இந்தக் குடாநாட்டில்
மலையை எங்க கண்டனீங்கள்?

கபிலாஷ் எழும்பினான்.
"கலண்டரில, ரீச்சர்."
சிரிப்பு. நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனையைத் திறந்தேன்.
எல்லோருக்கும் நாற்பத்தைந்துக்குக் கிட்ட.
டெசிந்தாவுக்கு நாற்பத்தாறு:
மலைக்குப் பச்சை அடிக்க மறந்திருந்தாள்,
ஆற்றையும் வாத்தையும் விட்டிருந்தாள்,
சூரியன் ஒரு பக்கம் சரிந்துகிடந்தது.

தூரிகை கழுவும் குழாயடியில்
எல்லோரும் போன பிறகும் நின்றாள்.
தாளைச் சுருட்டினாள், விரித்தாள், திரும்பவும் சுருட்டினாள்.
"ரீச்சர், இது மலையில்லை. மணல்.
எங்கட வீட்டுக்குப் பின்னால. மணற்காட்டில."
பிறகு, குழாயைப் பார்த்தபடி,
"சூரியன் உதிக்கேல்லை. படுகுது.
உதிக்கிறது மற்றப் பக்கம், கடலுக்குள்ளால."

வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தேன்.
குன்றின் சரிவில் நிழல்
நீலம்.
கறுப்பு ஒரு பொட்டுமில்லை.
வெள்ளை தீர்ந்துபோன பெட்டிக்காரி,
வெயில் படும் மணலுக்கு
தாளையே வெறுமையாக விட்டிருந்தாள்.
அந்த இடத்துக்கு நேரே, ஓரத்தில்,
"முழுமையாக்கப்படவில்லை" என்று
நான் எழுதியிருந்தேன்.
அழகான கையெழுத்து என்னுடையது.

புள்ளிப் பதிவேட்டில் வெட்டினால்
அதிபரின் ஒப்பம் வேண்டும்.
அவர் கணிதம் படிப்பித்தவர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"காரணம்?"
"மலையில்லை சேர், மணல்."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.
"அப்ப மற்ற இருபத்தாறு பேருக்கும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.
அவர் காரணம் என்ற கட்டத்தில்
"கூட்டல் பிழை" என்று எழுதி
ஒப்பமிட்டுத் தந்தார்.

அடுத்த செவ்வாய்
இருபத்தாறு படங்களையும்
அமில வட்டங்களின்மேல் பரப்பிவைத்து
ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.
இது எங்க? இது ஆர்ர மலை?
பெரும்பாலும் கலண்டர்தான்.
ஒருத்தி தன் அக்காவைப் பார்த்து வரைந்தாளாம்,
அக்கா தன் சித்திர ரீச்சரைப் பார்த்து.
கடைசியாக துவாரகன், சத்தமில்லாமல்:
"அண்ணா சுவிசில இருந்து அனுப்பின படம்.
அவன்ர அறை ஜன்னலால தெரியுறது."
வாத்து?
"வாத்து நான் போட்டது.
அவனுக்குத் துணைக்கு."

நான் பேனையை மூடினேன்.

அந்த நேரம் பார்த்து டெசிந்தா
பின் வாங்கிலிருந்து கை உயர்த்தினாள்.
"ரீச்சர், போன கிழமைக் காத்துக்கு
இடப்பக்கக் குன்று கொஞ்சம் தள்ளிப் போட்டுது.
திருத்தவோ?"

தூரிகை ஏற்கெனவே நனைந்திருந்தது.
வாசலில் விஞ்ஞானக்காரர்
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.